கரோக்கி ராத்திரியும் நாகரத்னம்மா கேட்ட கேள்வியும்

இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை எங்க வீட்டு பேஸ்மென்ட்டில் கரோக்கி நடக்கும். நியூ ஜெர்சி குளிருக்கு இதை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு குடும்பம், ஆளுக்கு ஒரு டிரே சாப்பாடு, இரண்டு மைக், ஒரு டிவி. சுருதி ஒரு பக்கம், பாடுகிறவர் ஒரு பக்கம் போனாலும் கைதட்டல் நிச்சயம். யார் எந்தப் பாட்டு என்று வரிசை போடுகிற பொறுப்பு மட்டும் என் தலையில். (வீடு என்னுது என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.)

போன தடவை ஒரு தப்பு பண்ணிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன்.

நண்பர் ஒருத்தர், ஐம்பதைத் தாண்டினவர், பழைய இரட்டை அர்த்தப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். ஒரு பெண்ணைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பழமும் காயுமாக வர்ணிக்கிற ரகம். நடுநடுவே கண்ணடிப்பு வேறு. ஆம்பளைங்க பக்கம் ஒரே விசில். நானும்தான். பெண்கள் பக்கம் ஒரு அசட்டுச் சிரிப்பு, அவ்வளவுதான்.

அடுத்தது ஒரு பதினாறு வயசுப் பெண். இன்னொரு நண்பரின் மகள். இந்தக் காலத்து ராப் பாட்டு. ஏமாற்றிவிட்டுப் போனவனை ஒருத்தி நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற பாட்டு. மூன்றாவது வரியில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. நான் பட்டென்று நிறுத்திவிட்டேன். "இந்த மாதிரிப் பாட்டெல்லாம் இங்கே வேண்டாம்மா, பெரியவங்க இருக்காங்க" என்று மைக்கிலேயே சொன்னேன்.

அவள் அழவில்லை. மைக்கை மேஜை மேல் வைத்தாள். "அந்த அங்கிள் பாடினப்போ நீங்க விசில் அடிச்சீங்களே, அங்கிள்?"

ரூமே கப்சிப். அவள் அம்மா அவளை அதட்டினாள். பாயசம் எடுத்து வைக்கும்போது அவர்கள் குடும்பமே கிளம்பிப் போயிருந்தது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் கேள்வியை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று ஒரே குடைச்சல். விடியற்காலையில் காபி போடும்போது ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட இதே கேள்வியை 1910-ல் எங்க ஊர்ப் பக்கத்துப் பெண்மணி ஒருத்தர் அச்சிலேயே கேட்டிருக்கிறார். பெங்களூர் நாகரத்னம்மா.

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வளர்ந்தது மைசூர் அக்ரஹாரம். (2014-லிருந்து மைசூரு. எனக்கு வாயில் வர மாட்டேன் என்கிறது.) அரண்மனையிலிருந்து நடந்தே வந்துவிடலாம். அக்ரஹாரம் சர்க்கிள், ராமானுஜா ரோடு, தியாகராஜா ரோடு, இதுதான் என் உலகம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், பாட்டுக்கு மட்டும் தெலுங்கு. அந்த ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான்.

அக்ரஹாரம் என்றால் காலையிலிருந்து ராத்திரி வரை சுலோகம் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்ததில்லை. நலங்கின்போது சம்பந்தியை ஏசிப் பாடுகிற பாட்டு ஒன்று இருக்கும். மாப்பிள்ளையின் அம்மா சாப்பிடுகிற அளவு, மாமனாரின் தொந்தி, அத்தையின் மூக்கு, எதுவும் தப்பாது. இன்னும் ராத்திரி ஆனால், சின்னப் பசங்களை "போய்ப் படுங்கடா" என்று விரட்டிவிட்டு, கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வேறு மாதிரிப் பாட்டும் நடக்கும். கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டு, பாதி புரியாமல் சிரித்திருக்கிறோம்.

அதற்கெல்லாம் தலைவி என் பாட்டி. ஒன்பது கஜப் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், வாயைத் திறந்தால் ஜாவளி. ஜாவளி என்கிற பெயரே கொச்சைப் பாட்டைக் குறிக்கும் 'ஜாவடி' என்ற கன்னடச் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு. நேற்று ராத்திரி எங்கே போயிருந்தாய், யார் வீட்டு வாசனை உன் மேல் என்று காதலனைப் பிடித்து உலுக்குகிற பாட்டுகள். இன்றைக்கு டிசம்பர் சீசனில் கச்சேரி முடிகிற நேரத்தில் மாமிகள் தலையாட்டிக்கொண்டு கேட்கிறார்களே, அதேதான்.

பாட்டிக்கு இந்த விஷயத்தில் ஒரே ஒரு சட்டம். "கேலி பண்ணிப் பாடலாம்டா. யாரைப் பாடறமோ அவாளும் சிரிக்கணும். அவா முகம் சுண்டிப் போச்சுன்னா அது பாட்டு இல்லை." பெண் கறுப்பு, சீர் குறைச்சல் என்கிற மாதிரி வரிகளை யாராவது ஆரம்பித்தால் சட்டென்று வேறு பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். சபையில் யாரையும் நிறுத்தினதில்லை. அந்தச் சாமர்த்தியத்தில் கால்வாசி எனக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இனி நாகரத்னம்மா.

1878-ல் மைசூருக்குப் பக்கத்து நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில் பிறந்தவர். அம்மா புட்டலட்சுமி. சின்ன வயசில் மைசூரில் கிரிபட்ட திம்மய்யா என்கிற பண்டிதரிடம் சம்ஸ்கிருதம் படித்தார். அப்புறம் பெங்களூரில் சங்கீதம், நாட்டியம். பிறகு சென்னைக்குப் போய் அந்தக் காலத்தின் பெரிய பாடகிகளில் ஒருவரானார். கன்னடம், தெலுங்கு, தமிழ், சம்ஸ்கிருதம் எல்லாம் தெரியும்.

அவருக்குப் பழைய தெலுங்கு காவியம் ஒன்றின் மேல் ஆசை வந்தது. பெயர் ராதிகா சாந்த்வனமு. எழுதினவர் முத்துபழனி. தஞ்சாவூரில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் ஆண்ட காலத்தில் (1739-1763) அவர் சபையில் இருந்த பெண் கவி, அவரும் தேவதாசிதான். ராதை தான் வளர்த்த இளா என்கிற பெண்ணைக் கண்ணனுக்குக் கட்டி வைத்துவிட்டு, அப்புறம் பொறாமையில் வேகிறாள். கண்ணன் வந்து அவளைச் சமாதானப்படுத்துகிறான். கதை இவ்வளவுதான். ஆனால் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். ஆசையைச் சொல்வதில் பெண்ணே முந்திக்கொள்கிறாள்.

இந்தப் புத்தகம் 1887-ல் ஒரு தடவை அச்சானது. நாகரத்னம்மா கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அச்சில் பல பாட்டுகள் காணோம். ஆசிரியை தன் வம்சத்தைப் பற்றிச் சொன்ன முன்னுரையும் காணோம். சிருங்காரத்தை வெட்டினது போதாதென்று எழுதினவளின் பெயர் விலாசத்தையும் வெட்டியிருக்கிறார்கள். ஆக, வெட்டினதையெல்லாம் சேர்த்து 1910-ல் வாவிள்ள ராமசுவாமி சாஸ்த்ருலு அண்ட் சன்ஸ் மூலமாக முழுப் புத்தகத்தையும் கொண்டு வந்தார்.

அதற்கு முன்னாலேயே கந்துகூரி வீரேசலிங்கம் முத்துபழனியை ஒரு பிடி பிடித்திருந்தார். சாதாரண ஆள் இல்லை அவர். விதவை மறுமணத்துக்காக ஊரை எதிர்த்து நின்ற பெரிய சீர்திருத்தவாதி. அப்படிப்பட்டவரே இந்தப் புத்தகம் பெண்கள் காதால் கேட்கக் கூடாதது, எழுதினவள் ஒழுக்கம் கெட்டவள் என்கிற தொனியில் எழுதியிருந்தார். நாகரத்னம்மா தன் முன்னுரையில் திருப்பிக் கேட்டார். ஆபாசம், வெட்கம் என்பதெல்லாம் பெண் எழுதினால் மட்டும்தானா? ஆண் கவிகள் இதைவிடப் பச்சையாக எழுதின காவியங்கள் பாடப் புத்தகமாகவே இருக்கின்றனவே? நீங்களே அந்த மாதிரி ஒரு காவியத்தை, வைஜயந்தி விலாசமு, அச்சுக்குச் சரிபார்த்துக் கொடுத்தீர்களே, அப்போது இந்தக் கூச்சம் எங்கே போனது?

"அந்த அங்கிள் பாடினப்போ நீங்க விசில் அடிச்சீங்களே?" என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வருஷமே, 1911-ல், பிரதிகளைப் போலீஸ் பறிமுதல் செய்தது. ஆபாசப் புத்தகம் என்று தடை. பண்டிதர்கள் பலர் அரசாங்கத்திடம் முறையிட்டும் பலனில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து, சுதந்திரத்தை ஒட்டி, டங்குடூரி பிரகாசத்தின் முயற்சியில்தான் தடை விலகியது. 1952-ல் வாவிள்ள மறுபடி அச்சிட்டது. அந்த வருஷம் மே மாசம் நாகரத்னம்மா காலமாகிவிட்டார்.

இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. திருவையாற்றில் பராமரிப்பில்லாமல் கிடந்த தியாகராஜர் சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தில் கோயில் எழுப்பி, 1925-ல் கும்பாபிஷேகம் செய்து வைத்தார். அங்கே நடந்த ஆராதனையில் பெண்களுக்குப் பாட இடமில்லை என்றபோது பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். சிருங்காரத்தை வெட்டாமல் அச்சிட்ட அதே கைதான் இந்தக் கோயிலையும் கட்டியது. இரண்டும் அவருக்கு முரணாகப் படவில்லை. தை மாசம் டிவியில் எல்லாரும் உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடுவதைப் பார்க்கும்போது, தியாகராஜா ரோட்டில் சைக்கிள் விட்ட எனக்கு இந்த அம்மாளைப் பற்றி யாருமே சொல்லித் தரவில்லையே என்று இப்போதும் தோன்றும்.

இவர் ஒருத்தரோடு முடிகிற கதை இல்லை இது. 1909-லேயே மைசூர் சமஸ்தானம் தன் நிர்வாகத்தில் இருந்த கோயில்களில் தேவதாசி ஊழியத்தை நிறுத்திவிட்டது. அந்த முறையில் நடந்த கொடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதை ஒழிக்கிற வேகத்தில் பாடினவர்களையும் சேர்த்து ஓரம் தள்ளினார்கள். பாட்டு மட்டும் மெல்லக் குளித்து முழுகிச் சபாவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. என் பாட்டி பாடின ஜாவளி எந்த வீட்டுப் பெண்கள் காப்பாற்றி வைத்தது என்று எங்க வீட்டில் யாரும் பேசினதே இல்லை.

இதே கூத்து ரேடியோவிலும் நடந்தது. அதிலும் எங்க ஊருக்குப் பங்கு உண்டு. மகாராஜா காலேஜில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசுவாமி 1935-ல் ஒண்டிக்கொப்பலில் இருந்த தன் வீட்டிலேயே ஒரு ரேடியோ நிலையம் ஆரம்பித்தார். அதன் பெயர் ஆகாசவாணி. பின்னால் அதை மைசூர் சமஸ்தானம் எடுத்து நடத்தியது. 1950-களில் அகில இந்திய வானொலி மொத்தத்துக்கும் அதே பெயர் வந்தது.

அந்த அகில இந்திய வானொலிக்கு 1946-ல் வல்லபாய் படேல் பொறுப்பு அமைச்சர். சொந்த வாழ்க்கை ஊர் வாயில் விழுந்தவர்களைப் பாட அழைக்கக் கூடாது என்று அப்போது ஒரு உத்தரவு. யாரைக் குறி வைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பரம்பரையாகப் பாடி வந்த பெண்களைத்தான். 1952-ல் பி.வி. கேஸ்கர் அமைச்சராக வந்தார். கர்நாடக, ஹிந்துஸ்தானி சங்கீதத்தின் மேல் பெரிய பக்தி உள்ளவர். சினிமாப் பாட்டு அவருக்கு மலிவான, தரம் கெட்ட சமாச்சாரம். நேரத்தைக் குறைத்தார், பாட்டுகளை வடிகட்டச் சொன்னார், படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். படத் தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பு உரிமையையே திரும்ப வாங்கிக்கொள்ள, ரேடியோவில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்றே போனது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பினார்கள். அந்தப் பக்கம் சிலோன். இரண்டாம் உலக யுத்தத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக வைத்த பலமான டிரான்ஸ்மிட்டர் ரேடியோ சிலோனிடம் இருந்தது. ஹிந்திக்காரர்களுக்கு அமீன் சயானியின் பினாகா கீத்மாலா. நமக்கு மயில்வாகனத்தின் குரல்.

அப்பா சொல்லிக் கேட்டது: தாத்தா கோயிலுக்குப் போனதும் அக்ரஹாரத்து வீட்டில் ரேடியோ சிலோனுக்குப் போய்விடும். பாட்டி சமையலறையிலிருந்து "கொஞ்சம் சத்தமா வைடா" என்பாளாம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் முள் அவசரமாக மைசூருக்குத் திரும்பிவிடும். எந்தப் பாட்டைத் தடுக்க நினைத்தார்களோ அதையே வீடு முழுக்கத் திருட்டுத்தனமாகக் கேட்டிருக்கிறது. கடைசியில் 1957 அக்டோபரில் அரசாங்கமே விவித பாரதி ஆரம்பித்து சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுக்க வேண்டி வந்தது.

நாம் வந்து சேர்ந்திருக்கிற இந்த நாட்டிலும் இந்தப் பஞ்சாயத்து நடந்திருக்கிறது. டிப்பர் கோர், பின்னால் துணை ஜனாதிபதியான அல் கோரின் மனைவி, தன் மகளுக்காக பிரின்ஸின் பர்ப்பிள் ரெயின் ஆல்பத்தை வாங்கினார். அதில் ஒரு பாட்டைக் கேட்டுத் திடுக்கிட்டுப் போனார். வேறு சில அரசியல் குடும்பத்துப் பெண்களோடு சேர்ந்து 1985-ல் இயக்கமே ஆரம்பித்தார். செனட் வரைக்கும் விசாரணை போனது. முடிவில் பாட்டைத் தடை செய்யவில்லை. மேலே ஒரு எச்சரிக்கை ஒட்டினார்கள், அவ்வளவுதான். விரும்பி வாங்குகிறவர்களுக்கு அதுவே விளம்பரமாகப் போனது என்பார்கள். இருந்தாலும் எனக்கு அதில் ஒரு விஷயம் பிடித்திருக்கிறது. முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். பாதியில் பிடுங்குவதில்லை.

நம்ம ஊர்ச் சட்டம்? 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 294-வது பிரிவு, பொது இடத்திலோ அதன் பக்கத்திலோ மற்றவர்களுக்குத் தொந்தரவாக ஆபாசப் பாட்டுப் பாடினால் மூன்று மாசம் வரை சிறை என்றது. 2024 ஜூலையிலிருந்து வந்திருக்கும் புதுச் சட்டத்தில் அதுவே 296-வது பிரிவு. எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் 'மற்றவர்களுக்குத் தொந்தரவாக' என்கிற இடத்தில் நின்று யோசித்தேன். பாட்டில் என்ன வார்த்தை இருக்கிறது என்பதோடு, கேட்கிறவர் யார் என்பதும் அங்கே சேர்ந்துவிடுகிறது. பாட்டி சொன்ன "முகம் சுண்டிப் போச்சுன்னா" வேறென்ன?

இந்த அளவுகோலை வைத்து அன்றைய ராத்திரியைப் பார்த்தால் எனக்குத்தான் வெட்கம். ராப் பாட்டில் இருந்த கெட்ட வார்த்தை அந்த அறையில் யாரையும் குறி வைக்கவில்லை. நாங்கள் விசில் அடித்த பாட்டில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஆனால் அந்த அறையில் இருந்த பாதிப் பேரின் உடம்பைப் பற்றின பாட்டு அது. கெட்ட வார்த்தையை எல்லாருக்கும் கண்டுபிடிக்கத் தெரிகிறது. மற்றதைக் கண்டுபிடிக்க ஒரு பதினாறு வயசுப் பெண் வேண்டியிருந்தது.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா அம்மா முன்னாலேயே "தப்பு என்னுதும்மா" என்றேன். நாகரத்னம்மா கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "முப்பத்தஞ்சு வருஷமா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இப்போது எங்க கரோக்கிக்குச் சில ஏற்பாடுகள். பாட்டுப் பட்டியல் வியாழக்கிழமைக்குள் வாட்ஸப்பில் எல்லாருக்கும் போய்விடும். யாருக்காவது ஒரு பாட்டு உறுத்தினால் எனக்குத் தனியாகச் சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டாம். ஒன்பது மணி வரை குழந்தைகளும் இருக்கிற நேரம், அப்போது பெற்றோர் கூச்சமில்லாமல் கேட்கக்கூடிய பாட்டு மட்டும். சின்னதுகள் மாடிக்குத் தூங்கப் போன பிறகு கொஞ்சம் காரம் கூடலாம். ஒரே ஒரு கெட்ட வார்த்தைதான் இடிக்கிறது என்றால் அந்த இடத்தில் முணுமுணுத்துத் தாண்டிவிடலாம். மைக் நம்ம கையில், பாடுகிறது நாம், கரோக்கியில் அந்த வசதி உண்டே. பாட்டு முழுக்கவே ஒருத்தரை உரித்துப் பார்க்கிற ரகம் என்றால், எவ்வளவு பழைய ஹிட்டாக இருந்தாலும், பாடுகிறவர் எனக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், பட்டியலில் ஏறாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பாடிக்கொண்டிருக்கிறவரை நடுவில் நிறுத்துவது கிடையாது. சொல்ல வேண்டியதை அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

விசில் வாங்கின நண்பருக்குக் கோபம். "பழைய பாட்டுடா, இதுல என்ன இருக்கு? நீ ஓவராப் பண்ற" என்றார். வீரேசலிங்கம் மாதிரி பெரிய மனுஷருக்கே தெரியாமல் போனது எனக்கும் உனக்கும் எப்படிடா உடனே தெரியும் என்றேன். பதில் இல்லை. அவர் இந்தத் தடவை என்ன பாடப் போகிறார் என்று இதுவரை அனுப்பவில்லை.

அடுத்த கரோக்கி வருகிற சனிக்கிழமை. நேற்று ராத்திரி முதல் பாட்டு வந்து சேர்ந்தது, அந்தப் பெண்ணிடமிருந்து. அதே ராப் பாட்டு. பக்கத்தில் ஒரு வரி: "மூணாவது வரியில ஹம் பண்ணிக்கறேன் அங்கிள், ஓகேவா?"

ஓகே என்று அனுப்பிவிட்டேன்.